சணப்பை மடக்கி உழுத பாதி

தாரண வருஷம், மார்கழி 20

ஜெயத்தின் அப்பாவுக்கு,

வளவனூரில் தங்கச்சிக்கு வலி கண்டுவிட்டதாம். நீங்கள் திண்டிவனம் சந்தையிலிருந்து வரும்வரை காத்திருக்க முடியாது, ஜெயத்தோடு கிளம்புகிறேன். கேப்பைக் களி சட்டியில் இருக்கிறது, உருளைக்கிழங்குக் குழம்பு உறியில்.

கிழங்கு ஏது என்பீர்கள். "தை பொறக்கிற வரைக்கும் தோண்டாதே"ன்னு சொன்னீர்கள்தான். எனக்குப் பொறுக்கவில்லை. பாதிக் கொல்லையில் பூத்த சணப்பைச் செடியை நீங்கள் மடக்கி உழுத அன்றைக்கு, "மாடு திங்கிற தழையை மண்ணுல பொதைக்கிறீங்களே, புத்தி பேதலிச்சுப் போச்சா?" என்று தெருவே கேட்கக் கத்தினேன். மீதிப் பாதியை நானே அறுத்து மாட்டுக்குப் போட்டேன்.

இன்று இரண்டு பக்கமும் ஒவ்வொரு கிழங்குச் செடி பிடுங்கிப் பார்த்தேன். என் பக்கத்தில் கோலிக்குண்டு அளவில் மூன்று. உங்கள் பக்கத்தில் எலுமிச்சம்பழம் போல ஒன்பது! மண்ணும் அங்கே புட்டு மாதிரி உதிர்கிறது. அவ்வளவு தழையும் எங்கே போயிற்று? கிளறிப் பார்த்தேன், ஒரு தண்டுகூட இல்லை.

வெளியே போனால் சாவியைப் பக்கத்து வீட்டுப் பவுனிடம் கொடுங்கள்.

கிளியம்மாள்

கேட்க மறந்தேன்: அடுத்து அங்கே கிழங்கு கூடாது, மல்லாட்டைக் கடலைதான் என்றீர்களே, அது ஏன்? அன்றைக்கு இருந்த கோபத்தில் கேட்கவில்லை.

குழம்பில் இருப்பது உங்கள் பக்கத்துக் கிழங்கு. என்னுடைய மூன்றையும் அவித்து, வழியில் தின்ன நான் கட்டிக்கொண்டு போகிறேன்.