ஃபோர்க்குக்கு எடுத்த எக்ஸ்ரே

தம்பி,

சாப்பாடு ஃப்ரிட்ஜில் இருக்கிறது, சூடு பண்ணிக்கொள்.

உன் மலை சைக்கிளுக்கு யாரிடமோ மலிவாக வாங்கினாயே முன்சக்கரம் மாட்டுகிற பழைய கார்பன் ஃபோர்க், அதை நேற்று உன்னைக் கேட்காமல் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனேன். கடைசி நோயாளி போனபிறகு எக்ஸ்ரே எடுத்தேன். படத்தைச் சமையலறை ஜன்னலில் ஒட்டியிருக்கிறேன். ஃபோர்க்கின் இடது காலில், நான் வட்டம் போட்ட இடத்தில் விரிசல். வெளியே பெயின்ட் நன்றாகத்தான் இருக்கிறது.

புதுக் கார்பன் நமக்குக் கட்டுப்படியாகாது. நீ கொடுத்த விலைக்குப் புது இரும்பு ஃபோர்க்கே கிடைக்குமாம், கனம் மட்டும் அரைக் கிலோ கூடுமாம். சைக்கிள் கடை அண்ணன் சொன்னார். காலை பத்து மணிக்கு ஒன்று கொண்டுவருகிறார். எதை மாட்டுவது என்று நீயே அவரிடம் சொல்லிவிடு.

“நீ என்ன எனக்கு அம்மாவா?” என்று ஞாயிற்றுக்கிழமை கேட்டாய். எனக்குக் கோபம் வரவில்லை.

சாவி மீட்டர் பெட்டிமேல்.

அக்கா

பி.கு.: சைக்கிளில் விழுந்து வருகிறவர்களைத் தினமும் படம் எடுக்கிறேன். நீ வந்தால் மட்டும் வேறு ஆளைத்தான் கூப்பிடுவேன். என்னால் முடியாது.