பெட்டி அருகில் சொன்ன ஜெபம்

அன்புத் தங்கச்சிக்கு,

உன் அத்தான் இறந்ததிலிருந்து மகள் நோஹேயாவுக்கு மூச்சிரைப்பு நிற்கவில்லை. வைத்தியர் கஹாலேயைக் கூட்டி வந்தேன்.

உனக்குத்தான் தெரியுமே, குடும்பம் முழுக்க உட்கார்ந்து, நம் பாஷையில் ஜெபம் சொல்லி, மனத்தாங்கலைப் பேசித் தீர்க்காமல் அவர் மருந்து அரைக்க மாட்டார். பாய் விரித்தோம். "எல்லாரும் வந்தாச்சா?" என்றார். "ஆச்சு" என்றேன்.

நோஹேயா இருமிக்கொண்டே, "சித்தி வரலையே! அப்பா சவப்பெட்டிகிட்ட அவங்க நம்ம ஹவாய் பாஷையில ஜெபம் பண்ணினாங்கன்னு அம்மாதானே வெளிய போகச் சொன்னாங்க" என்று போட்டு உடைத்தாள்.

"சர்ச்சுக்காரங்க முன்னாடி கூசின ஜெபம், இப்ப மட்டும் இனிக்குதா தாயி? அவ வரட்டும்" என்று சொல்லிவிட்டு வைத்தியர் எழுந்து போய்விட்டார். எனக்குத் தலை நிமிரவில்லை.

உன் மோலோக்கைத் தீவிலிருந்து சனிக்கிழமை கப்பல் இருக்கிறது. பிள்ளைக்காக வா. பாயில் உட்கார்ந்தால் நாம் ஒருத்தரையொருத்தர் பார்த்துப் பேசக் கூடாது, வைத்தியரிடம்தான் சொல்ல வேண்டும். அதுவும் நல்லதுதான். உன் முகத்தைப் பார்க்க எனக்கு ஏது முகம்? என்ன வேண்டுமானாலும் சொல்லு, கேட்டுக்கொள்கிறேன்.

அந்த ஜெபத்தை நீதான் சொல்ல வேண்டும். பாஸ்டர் வீட்டுப் பக்கத்து ஜன்னலைத் திறந்தே வைக்கிறேன்.

உன் அக்கா