வாழைப்பழ வாசனை

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் தம்பி மனைவி எழுதுவது. எல்லோரும் சுகம் என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன், மனம் வரவில்லை. போனில் சொல்லலாம் என்றால் உங்கள் தம்பியின் காது எப்போதும் என் பக்கத்திலேயே இருக்கிறது. காதுக்கு ஒரு குறையும் இல்லை. என் பயமெல்லாம் அவர் மூக்கைப் பற்றித்தான்.

கடை நன்றாக ஓடுகிறது. நீங்கள் வந்தபோது இரண்டு பீர் குழாய்கள்தான் இருந்தன. இப்போது கோதுமை பீர், காபி மாதிரி மணக்கும் கறுப்பு பீர், கசப்பு பீர், புளிப்பு பீர் என்று நான்கு, எல்லாம் பின்னறைத் தொட்டிகளில் அவரே காய்ச்சுவது. கஷாயம் என்று நீங்கள் கேலி செய்தீர்களே, அந்தக் கசப்பு பீருக்குத்தான் கூட்டம் அதிகம்.

கடை திறக்கும் முன் ஒவ்வொரு குழாயிலும் கொஞ்சம் பிடித்து, கண்ணை மூடி முகர்ந்து, ஒரு வாய் குடித்துப் பார்ப்பது அவர் வழக்கம். அவர் தலையாட்டினால்தான் அது வாடிக்கையாளருக்குப் போகும். செவ்வாய்க்கிழமை குழாய் கழுவும் நாள். கழுவும் மருந்து ஊறும் குழாயில் யாரும் பிடிக்காதபடி சிவப்புத் துணி கட்டிவைப்போம். போன செவ்வாய் நான் கோதுமை பீர் குழாயில் மருந்தை ஏற்றிவிட்டு, அவசரத்தில் துணியைப் பக்கத்துக் குழாயில் கட்டிவிட்டேன்.

அவர் வந்து பிடித்தார். பாதி பீர், பாதி மருந்து. மேஜை துடைத்துக்கொண்டிருந்த எனக்கே காடி நெடி மூக்கில் ஏறியது. அவர் கண்ணை மூடி முகர்ந்து, "ஆஹா, வாழைப்பழ வாசனை அப்படியே தூக்குது" என்றார். கோதுமை பீர் அப்படித்தான் மணக்கவேண்டும். ஆனால் அந்தத் தம்ளரில் அது இல்லை, அண்ணி. வாய்க்குப் போகுமுன் ஓடிப்போய்த் தட்டிவிட்டேன்.

"பைத்தியமா உனக்கு?" என்று கத்தினார். நான் குழாயைக் காட்டினேன். குனிந்து ஈரத்தரையை முகர்ந்தார். மறுபடியும் முகர்ந்தார். பிறகு, "சளி பிடிச்சிருக்கு, வேற ஒண்ணுமில்ல" என்றார். ஒரு தும்மல்கூட இல்லை.

உங்கள் அப்பாவின் நடுக்க நோய் எப்படி ஆரம்பித்தது என்று நீங்கள்தான் சொன்னீர்கள். பால் தீய்ந்து வீடெல்லாம் நாறியபோது அவர் அடுப்புக்குப் பக்கத்திலேயே பேப்பர் படித்துக்கொண்டிருந்தாராம், நீங்களெல்லாம் சிரித்தீர்களாம். கை நடுங்கியது அதற்குப் பல வருஷம் கழித்துத்தானே? அந்தப் பேச்சு ஞாபகம் வந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் முகத்தை விட்டுவிட்டுக் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். தம்ளரில் நுரை அசைந்தால் விரல் நடுங்குகிறதோ என்று உற்றுப் பார்க்கிறேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். வெறும் சளியாகவே இருந்துவிட்டுப் போகட்டும், ஆனால் அதை ஒரு டாக்டர் பார்த்துச் சொல்லவேண்டும். டாக்டர் என்று வாயெடுத்தாலே எரிந்து விழுகிறார்.

இன்று காலை கறுப்பு பீரைப் பிடித்து, என்னைப் பார்க்காமலே தம்ளரை என் பக்கம் தள்ளினார். "நீ பாரு" என்றார். இதுவரை ஒருநாளும் அப்படிச் சொன்னவரில்லை. வறுத்த காபி, அடியில் லேசாகக் கருகிய வெல்லம் மாதிரி என்று தோன்றியதைச் சொன்னேன். சாயங்காலம் ஒரு வாடிக்கையாளர் விசாரித்ததற்கு, கண்ணை மூடிக்கொண்டு அதே வார்த்தைகளைச் சொன்னார். அவருக்குத் தெரியும், அண்ணி. என்னைவிட அவர்தான் பயந்துபோயிருக்கிறார்.

அவர் தட்டாத பேச்சு உங்கள் பேச்சு ஒன்றுதான். தம்பியைப் பார்க்கவேண்டும்போல் இருந்தது என்று சொல்லிக்கொண்டு புறப்பட்டு வாருங்கள். இந்தக் கடிதத்தைப் பற்றி மூச்சு விடாதீர்கள்.

இப்போது இந்தப் பக்கம் வந்தவர் யாருக்கு எழுதுகிறாய் என்று கேட்டார். உங்கள் அக்காவுக்கு என்றேன். "நான் நல்லா இருக்கேன்னு எழுது" என்றார்.

எழுதிவிட்டேன். நீங்கள் நம்பிவிடாதீர்கள்.

உங்கள் கால் எங்கள் வாசலில் பட்டால் போதும் என்று காத்திருக்கும்,
உங்கள் தம்பி மனைவி