பாயசத்துக்கு முன் கூப்பன்

ஜூன் 11, புதன்
விடாத மழை. கண் சொட்டு மருந்து தீர்ந்தது.
மாப்பிள்ளை சுரேஷ் வேலை பார்க்கும், கழக்கூட்டம் ஐ.டி. பார்க்கில் உள்ள ஆபீஸ் நடத்தும் கிரிப்டோ கடன் திட்டம். மேனேஜர் கிடையாது, கம்ப்யூட்டர் கோட் தானே கடன் கொடுத்து வாங்கும். கோட் யாரும் படிக்கலாம். மூன்றாம் முறை படித்தேன். ஓட்டை உறுதி. பணத்தை அனுப்பிவிட்டு, பிறகுதான் கணக்கில் கழிக்கிறது.
கோயில் பிரசாதக் கவுண்டரில் இருபது வருடம். கூப்பனைக் கிழித்த பிறகே பாயசம். மாற்றிச் செய்தால் கிழிப்பதற்குள் அதே கூப்பனோடு அதே கை மறுபடி நீளும்.
பழைய கிரிப்டோ கொள்ளைகளைப் படித்து நோட்டில் எழுதியவை: முதலில் கழி. விலையை ஒரே இடத்தில் கேட்காதே. சாவியெல்லாம் ஒருவன் கையில் கூடாது.
சுரேஷிடம் ஆரம்பித்தேன். முடிக்க விடவில்லை. "மாமா, ஆடிட் ஒக்கெ கழிஞ்சாச்சு, எல்லாம் சரியா இருக்கு. நீங்கோ சீரியல் பாருங்கோ."
சீரியல்!

ஜூன் 13, வெள்ளி
அவர்கள் ஆபீசுக்கு இரண்டு மெயில். பதில் இல்லை. பட்டம் இல்லாதவன் மெயிலை எவன் படிப்பான்?
புனைபெயரில் இணையக் குழுவில் போட்டுவிட்டேன். ஓட்டை எங்கே, எப்படி நுழைவது, வரிவரியாக. உதாரணத் தொகை 341, என் பழைய கவுண்டர் பேட்ஜ் எண். ஊரே பார்க்கட்டும்.
மாலை 5 முதல் கரண்ட் இல்லை.

ஜூன் 15, ஞாயிறு
காலையிலிருந்து சுரேஷின் போன் ஓயவில்லை. திட்டத்தில் இருந்த பணம் மொத்தமும் போயிற்று. குளிக்காமல் கிளம்பினார்.
மகள் விஜி சொன்னாள்: ஆபீஸ் வாட்ச்மேன், போனக்காடு தேயிலை எஸ்டேட்காரர், தன் மகளின் நர்சிங் பீசை அதில்தான் போட்டிருந்தாராம். "இவர் சொல்லித்தான்ப்பா போட்டார்."
நான் சொன்னேனா இல்லையா? சொன்னேன்.
திருட்டின் பதிவும் யாரும் பார்க்கலாம். பார்த்தேன். அதே வழி. திருடன் முதலில் எடுத்துப் பார்த்த தொகை 341.


ஜூன் 16, திங்கள்
மழை விட்டது. புழுக்கம். சுரேஷ் காலையில்தான் வந்தார். வேலை நிற்குமா தெரியாதாம். விஜி காபி கொண்டுவந்தாள்.
"ஏதோ ஒரு துரோகி வழி எழுதிப் போட்டிருக்கான், மாமா. போலீஸ் தேடறது" என்றார் சுரேஷ்.
"ஓட்டை வெச்சது ஆரு?"
"எங்க தப்புதான். ஆனா எங்களுக்கு ஒரு மெயில் போட்டிருந்தா அன்னைக்கே அடைச்சிருப்போமே!"
"போட்டேன். ரெண்டு" என்றேன்.