ரமணி கொடுத்த மாத்திரை

அன்புத் தங்கை ரமணிக்கு,

நீ அம்மாவுக்குக் கொடுத்த வைட்டமின் மாத்திரை தீபாவளிக்கு முன்பே தீர்ந்துவிட்டது. பிரிக்பீல்ட்ஸிலிருந்து இங்கே கிள்ளானுக்கு ரயில் ஏற உனக்கு நேரமில்லை. நானே வாங்கி உன் பாட்டிலில் கொட்டி வைக்கிறேன். ஞாபக மறதிக்கு அது பெரிதாக உதவாது என்று கிளினிக் டாக்டர் சொல்லிவிட்டார். அம்மா கேட்டால்தானே? வருகிறவர்களிடமெல்லாம், "என் ரமணி குடுத்த மருந்துலதான் தலை தெளிவா இருக்கு லா" என்கிறார்.

குளிப்பாட்டுவதும் கஞ்சி ஊட்டுவதும் நான்.

இன்று காலை மாத்திரையைத் துப்பிவிட்டு, "நீ யாரும்மா?" என்றார். என் பெயரைச் சொன்னேன். வாயை இறுக்கி மூடிக்கொண்டார். உன் பெயரைச் சொன்னேன். சிரித்துக்கொண்டே வாயைத் திறந்தார்.

பொங்கலுக்கு வருகிறாயாமே. வராதே. நீ வந்து நின்றால், அப்புறம் நான் யார்?

இப்படிக்கு,
உன் அக்கா