இடது காலில் நரம்புச் சிலந்தி

5-3-56, திங்கள்
காலையிலேயே வெயில் ஏறிவிட்டது. இடது கணுக்காலில் கொப்புளம் உடைந்து வெள்ளை நூல் போல ஒரு முனை. நரம்புச் சிலந்திப் புழுதான். இந்த ஊர்ப் பள்ளிக்கு மாற்றலாகி ஒன்றரை வருஷம். கண்ட பலன் இது. நெருப்பு வைத்தாற்போல் எரிச்சல். சாயங்காலம் ஆள் இல்லாத நேரம் பார்த்துப் படிக்கிணற்றில் இறங்கிக் காலை நனைத்தேன். அப்பாடா.
வாங்க: சாக்பீஸ், மண்ணெண்ணெய்.

6-3, செவ்வாய்
கம்பவுண்டர் புழுவின் முனையைத் தீக்குச்சியில் சுற்றிக் கட்டினார். தினம் ஒரு சுற்று. "வெடுக்குனு இழுத்துராதீக. அறுந்துச்சுன்னா காலே புண்ணாயிரும்." பொறுமைக்கும் எனக்கும் வெகுதூரம். மறுபடியும் கிணறு.
பக்கத்து வீட்டு மாரியாயி எப்போதும்போல எனக்கு ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்தாள். "காலை ஊனாதீக டீச்சரம்மா, நான் இருக்கேன்ல." நல்ல மனுஷி. வலியில் உர்ரென்று இருந்துவிட்டேன்.

8-3, வியாழன்
மூன்றாவது சுற்று. பள்ளிக்குச் சுகாதார இன்ஸ்பெக்டர். கிணற்றுத் தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் மொண்டு வெளிச்சத்தில் காட்டினார். பொடிப்பொடியாகப் பூச்சிகள். புழு உள்ள காலைத் தண்ணீரில் வைத்தால் அது குஞ்சுகளை விடுமாம். குஞ்சைப் பூச்சி தின்னும், பூச்சியை நாம் குடிப்போம். "இன்னைக்குக் குடிச்சது ஒரு வருசம் கழிச்சுத்தான் வெளிய வரும்." மடித்த துணியில் வடிகட்டினால் போதும்.
பிள்ளைகள் குடிப்பதும் அந்தத் தண்ணீர்தான். புடவையை இழுத்துக் காலை மறைத்துக்கொண்டேன். சுத்தம் பற்றிப் பாடம் நடத்துகிறவள்!

9-3, வெள்ளி
வெள்ளைச் சேலை ஒன்றைக் கிழித்தேன். பள்ளிப் பானைக்கு முதல் துண்டு. மிச்சத்தை வீட்டுக்கு ஒன்றாகப் பிள்ளைகளிடம் கொடுத்தேன். என் காதுபடவே ஒரு பையன்: "டீச்சருக்குக் கிறுக்குடா."
காரணம் சொன்னால்தான் வீட்டில் வடிகட்டுவார்கள். சொன்னால், கிணற்றில் கால் வைத்தது யார் என்று கேட்பார்கள். நான் இந்த ஊரில் தலைகாட்ட முடியாது.

11-3, ஞாயிறு
ஆறாவது சுற்று. புழு இன்னும் முடியவில்லை.
மாரியாயி குடத்தோடு வந்தாள். இன்ஸ்பெக்டர் சொன்னதையெல்லாம் சொல்லி, கடைசியில் அதையும் சொல்லிவிட்டேன். "கிணத்துல கால் வச்சது நான்தான் மாரியாயி. ரெண்டு நாள்."
திட்டுவாள் என்றிருந்தேன். குடத்தை இறக்கிவைத்து உட்கார்ந்தாள். சேலையை விலக்கிக் கணுக்காலைக் காட்டினாள். பழைய தழும்பு.
"போன மாசியில எனக்கு வந்துச்சு. எரிச்சல் தாங்காம நானும் அங்கனதான் வச்சேன். அந்தத் தண்ணியத்தான டீச்சரம்மா உங்களுக்குத் தெனமும் கொண்டாந்தேன்..."
அவள் அழுதாள். நானும்தான். பிறகு காலிப் பானையின் வாயில் துணியை விரித்துப் பிடித்தேன். அவள் ஊற்றினாள்.