நாத்தனாரின் பேஸ் கிட்டார்

ஜூன் 3
நாத்தனார் இன்று பரணிலிருந்து தன் பேஸ் கிட்டாரை இறக்கினாள். விவாகரத்தாகி இங்கே வந்ததிலிருந்து அவள் அதைத் தொட்டதே இல்லை.

"வித்துடலாம் அண்ணி. வாங்க ஒருத்தர் இருக்காரு."

கறுப்புப் பெயின்ட் அங்கங்கே உரிந்திருந்தது. கார்களுக்குப் பெயின்ட் அடிக்கிற கை சும்மா இருக்குமா? புதிதாக அடித்துத் தருகிறேன், நல்ல விலை போகும் என்றேன். விலைக்காகத்தான் சொன்னேனா?

ஜூன் 6
கறுப்பைச் சுரண்டினால் உள்ளே வெளிர் மரம், ரேகை ரேகையாக. மூட மனசு வரவில்லை. சன்பர்ஸ்ட்தான். நடுவில் மரம் தெரிகிற தேன் நிறம், ஓரம் போகப் போகச் சிவந்து விளிம்பில் கறுக்கும். விற்கிற பொருளுக்கு இவ்வளவு சிங்காரமா என்கிறார் வீட்டுக்காரர்.

ஜூன் 9
நிறம் கேட்டதற்கு "உங்க இஷ்டம்" என்றவள், மத்தியானம் பட்டறைக்கே வந்துவிட்டாள்.

"சிவப்பு வேண்டாம் அண்ணி. எல்லார்கிட்டயும் இருக்கு. ஓரத்துக்கு நீலம் குடுங்க."

தேன் நிறத்தோடு நீலம் சேருமிடம் பச்சையாகிவிடும் என்றேன். ஆகட்டும் என்றாள். விற்கப்போகிறவளுக்கு ஓரம் எப்படி இருந்தால் என்ன? கேட்கவில்லை. நீல டப்பாவைத் தேடி எடுத்தேன்.

ஜூன் 13
போச்சு. நிறம் அவ்வளவு அழகா விழுந்தது — மேல பளபளப்புக்கு லாக்கர் அடிச்சேன், பால் ஊத்தின மாதிரி வெளுத்துப் போச்சு. மழை ஈரத்துல அடிக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியாதா? என்ன அவசரம்? அவகிட்ட எப்படிச் சொல்றது?

ஜூன் 14
சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தால், "தேய்ச்சா போகுமா?" என்று கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். நாள் முழுக்க இருவரும் உப்புத்தாளும் கையுமாக.

தேய்த்துக்கொண்டே பேசினாள். அந்தப் புருஷன் வீட்டில் இந்தச் சத்தமே ஆகாதாம். ஸ்பீக்கரில் செருகாமல், மரத்தில் காதை ஒட்டவைத்துக் கேட்டபடி வாசிப்பாளாம். ஒரே வீட்டில் இருக்கிறோம், எனக்கு இது தெரியாது.

ஜூன் 19
வெயில்!

ஜூன் 20
மறுபடி அடித்தேன். அவள் விளக்கைச் சாய்த்துப் பிடிக்க, ஓரத்தைச் சுற்றி மெல்ல மெல்ல நீலம். பச்சை விழுந்த இடத்துக்கு விளக்கை இன்னும் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

ஜூன் 29
வாங்குகிறவர் வந்து திருப்பித் திருப்பிப் பார்த்தார். விலையை அவளே சொன்னாள். நான் தண்ணீர் கொண்டுவருகிற சாக்கில் உள்ளே ஓடிவிட்டேன், சிரிப்பு தாங்கவில்லை. அந்த விலைக்கு எந்தப் பைத்தியக்காரனும் வாங்கமாட்டான். பாவம், வெறும் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனார். பெயின்ட் அடித்தது யார் என்று மட்டும் விசாரித்தார்.

இதை எழுதும்போது மாடியில் தும் தும் என்று வாசிக்கிறாள். அடுக்களை மூடிகளெல்லாம் அதிர்கின்றன. செய்தி காதில் விழாமல் வீட்டுக்காரர் டிவியை அணைத்துவிட்டார். மாடியைப் பார்த்தபடி அப்படியே உட்கார்ந்திருக்கிறார்.